வாத்துப் பெட்டியில் நாகமுட்டை

பக்கவாதம் கியெம் கிழவரின் பேச்சைப் பிடுங்கிக்கொண்டது. வலது கையையும் காலையும் பிடுங்கிக்கொண்டது. ஏளனத்தை மட்டும் விட்டுவைத்தது. கட்டிலில் சாய்ந்தபடி யாரைப் பார்த்தாலும் மூக்கால் "ஹும்" என்பார். கஞ்சி சூடாக இருந்தால் ஒரு ஹும், ஆறியிருந்தால் ஒரு ஹும். மருமகன் தோவான் அறைக்குள் நுழைந்தால் இரண்டு.

அந்த இரண்டாவது ஹும்மை மகள் லுவாவும் மனசுக்குள் கூடவே சொல்லிக்கொள்வாள்.

சாம் ஹா கிராமத்தில் பாம்பு வளர்க்காத வீடு இல்லை. அதற்காகப் பாம்பு வளர்க்கிறவர்கள் எல்லோரும் ஒன்றாகிவிட மாட்டார்கள். ஆற்றங்கரை அணையை ஒட்டிய மேலத்தெருவில் நாகம்; சதுப்புப் பக்கம் கீழத்தெருவில் சாரை. "நாகம் வளர்க்கிறவன் கடிபட்டா சாவான், சாரை வளர்க்கிறவன் கடிபட்டா சொறிஞ்சுக்குவான்" என்பது மேலத்தெருப் பேச்சு. கல்யாணமோ கருமாதியோ, கீழத்தெருக்காரர்களுக்கு இலைத்தட்டு கடைசி வரிசையில்தான். கியெம் வீடு மேலத்தெருவிலும் மேல். எல்லையிலிருந்து பாம்பு வாங்க வியாபாரிகள் வண்டியோடு வந்தால் முதலில் அவர் வாசலில் நின்றுவிட்டுத்தான் மற்ற வாசலுக்குப் போவார்கள்.

அவருக்கு மூன்றும் பெண்கள். மூத்தவர்கள் இருவரும் தூரத்துப் பட்டணங்களில் வாழ்க்கைப்பட்டுப் பாம்பு நாற்றத்தைத் தலைமுழுகிவிட்டார்கள். கடைக்குட்டி லுவா தங்கிவிட்டாள். வந்த வரன்களில் ஒருவனுக்குப் பல் நீளம் என்றாள். ஒருவன் சிரித்தால் வாத்து கத்துவதுபோல் இருக்கிறது என்றாள். ஒருவன் எல்லாவற்றிலும் தேறினான், ஆனால் அவன் பெரியப்பா சாரை வளர்க்கிறவர். முப்பதைத் தாண்டியதும் வரன்கள் தாமாகவே நின்றன. அப்போதுதான் மாவட்டத் தலைநகரில் கரோக்கே கடைகளுக்கு ஒயரிங் செய்துகொண்டிருந்த தோவான், வீட்டுக்கு மின்விசிறி மாட்ட வந்து, ஏணியில் நின்றபடியே பாடி, பிறகு இறங்கவே இல்லை.

வீட்டோடு மாப்பிள்ளையை அந்தப் பக்கத்தில் 'பாத்திர அலமாரிக்கு அடியில் புகுந்த நாய்' என்பார்கள். டீக்கடையில் யாரோ அதைத் தோவான் காதுபடவே சொன்னான். தோவான் என்ன செய்தான் தெரியுமா? சிரித்தான். "அலமாரிக்கு அடியில்தான் அண்ணே மீன் முள்ளு விழும்" என்றான். கடையே சிரித்தது. லுவாவுக்கு அந்தச் சொல்லைவிட அந்தச் சிரிப்புதான் ஆறவில்லை. தன்மானம் உள்ளவன் சிரிப்பானா?

கிழவர் விழுந்தது சித்திரை வெயில் ஏறுகிற சமயம். பெண் நாகங்கள் முட்டையிடும் காலம் வாசலில் நின்றது. ஆனால் முட்டையைப் பொரிக்கவைக்கும் விதம் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கிழவர் அதை யாருக்கும் சொல்லித்தரவில்லை. பின்கட்டில் முட்டையறை ஒன்று உண்டு; தாழிகளில் மணல் பரப்பி உள்ளே முட்டை வைப்பார் என்பது மட்டும் தெரியும். மகள்கள் அந்த வாசல்படியை மிதிக்கக்கூடாது. "பொம்பளைக் கை ஈரக்கை, பட்டா முட்டை அழுகிரும்" என்பார். பாம்புக்குத் தேரை போடலாம், கூண்டு கழுவலாம், கொக்கிக் கம்பியால் பாம்பைத் தூக்கிப் பைக்குள் போடலாம், கடிபட்டுச் சாகக்கூடச் செய்யலாம். முட்டையைத் தொடக்கூடாது.

லுவாவுக்கு இதில் வருத்தம் இருந்ததே தவிரப் பயம் இல்லை. சின்ன வயதிலிருந்து கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறாள்: அப்பா தினமும் ஒரு செம்பு தண்ணீரோடு உள்ளே போவார், காலிச் செம்போடு வெளியே வருவார். இதற்கு மேல் என்ன இருக்கிறது? கியெம் வீட்டு ரத்தம் ஓடுகிற கைக்கு மணலும் தண்ணீரும் பெரிய வித்தையா?

ஆனால் அவள் வாயைத் திறப்பதற்குள் தோவான் ஒரு பெட்டியை இறக்கிவிட்டான்.

ஆற்றுக்கு அக்கரையில் வாத்துக்குஞ்சு பொரிப்பவன் ஒருவன் தள்ளிவிட்ட பழைய பெட்டி அது. ஆளுயரத்துக்கு மரப்பெட்டி. உள்ளே தட்டுகள், சூட்டுக்கு இரண்டு பெரிய பல்புகள், முட்டையைப் புரட்டுவதற்காகத் தட்டுகளைச் சாய்த்துச் சாய்த்து ஆட்ட ஒரு மோட்டார். முகப்பில் சூடு காட்டும் முள். பெட்டியைத் திறந்தால் இன்னும் வாத்து எச்ச வாடை.

"மாமா, நீங்க கவலையே படாதீங்க," என்று கிழவர் கட்டிலருகே குந்தி உட்கார்ந்து சொன்னான். "இனிமே எல்லாம் மெஷின்."

"ஹும். ஹும்."

"பாத்தியா லுவா, மாமாவுக்குச் சந்தோஷம்."

"ஆமா, சந்தோஷத்துல எந்திரிச்சு ஆடப்போறாரு," என்றாள் லுவா. "வாத்துப் பெட்டியில நாகத்தை வெச்சா என்ன வரும்? இறக்கை மொளைச்சா வரும்?"

"நீ வேணா சிரி. உலகமெல்லாம் இப்ப இப்படித்தான் பண்றாங்க."

உலகம் என்று அவன் சொன்னது அவன் கைபேசியை. அதில் தினமும் 'நாகராஜா தோவான்' என்று தன்னையே படம்பிடித்துப் போட ஆரம்பித்திருந்தான். "வணக்கம் மக்களே" என்று தொடங்குவான். அந்த நாகராஜாவுக்கு நாகம் என்றால் நடுக்கம் என்பது மக்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் லுவாதான் கூண்டு மூடியைத் தூக்கினாள், அவள்தான் சீறுகிற தாயைக் கொக்கியால் ஒதுக்கிப் பிடித்தாள், அவள்தான் இன்னொரு கையால் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகக் கிடந்த வெள்ளை முட்டைகளை அள்ளி வெளியே வைத்தாள். தோவான் எட்டடி தள்ளி ஒரு முக்காலிமேல் ஏறி நின்று, "மக்களே, இந்த நேரத்துல பதற்றப்படவே கூடாது" என்று பேசிக்கொண்டிருந்தான்.

"யோவ், முட்டையை வாங்குய்யா முதல்ல!" என்று அவள் கத்தியது ஒரு படத்தில் அப்படியே பதிவாகிவிட்டது. அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்களாம்.

ஈர மரத்தூள் பரப்பிய தட்டுகளில் முட்டைகள் போயின. பல்பு எரிந்தது, மோட்டார் முனகியது, தட்டுகள் ஊஞ்சல்போல ஆடின. அதைப் பார்த்து மேலத்தெரு ஆண்கள் இரண்டு பேர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். என்ன தப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. கியெம் வீடு சாய்வதைப் பார்க்க அவர்களும் நெடுநாள் காத்திருந்தவர்கள்தானே.

கடைசிக் கூண்டிலிருந்த கிழட்டுப் பெண் நாகம் மற்றதெல்லாம் முடிந்தபின் தாமதமாக முட்டையிட்டது. அதை லுவா தோவானிடம் சொல்லவில்லை. "அது இந்த வருஷம் மலடு" என்றுவிட்டாள். கத்தரிக்காய் ஊறப்போடும் பெரிய சாடி ஒன்றைக் கழுவி, ஆற்று மணல் கொட்டி, முட்டைக் கொத்தை அதில் இறக்கி, சாக்கு போட்டு மூடி மாடிப்படிக்கு அடியில் வைத்தாள். அப்பாவைப்போலவே தினமும் ஒரு செம்பு தண்ணீர். அதை ஊற்றும்போது, தன்னை அந்த வாசல்படியில் நிறுத்திவைத்த அப்பாவுக்கும், முக்காலிமேல் நிற்கிற புருஷனுக்கும் சேர்த்துப் பதில் சொல்வதுபோல் இருந்தது.

சில்வண்டுகள் காது கிழியக் கத்தத் தொடங்கிய நாட்களில் ஒருநாள் மத்தியானம், தோவான் கீழே பாய் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தபோது லுவா முட்டையறையைக் கூட்டப் போனாள். பெட்டியிலிருந்து முனகல் கேட்கவில்லை. காதை வைத்துப் பார்த்தாள். ஒரு சின்ன விசிறி மட்டும் ஓடியது. மரத்தில் கை வைத்தாள். அறைச் சூடுதான் இருந்தது, அதற்கு மேல் இல்லை. பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். இருட்டுக்குள் இரண்டு ஒயர்கள் கழன்று நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தன. பல்பும் எரியவில்லை, மோட்டாரும் ஆடவில்லை. முகப்பு முள் மட்டும் முதல்நாள் நின்ற இடத்திலேயே கம்பீரமாக நின்றது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் ஒயரிங் செய்தவனின் சொந்த ஒயர்! பாம்பு தெரியாது, சரி. மின்சாரமாவது தெரியும் என்று நினைத்திருந்தாளே. இந்த மனிதனுக்கு எதுதான் தெரியும்?

சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். எழுப்பி, "ஒயர் கழண்டிருக்கு" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பெட்டியில் இருப்பது அந்த வருஷத்துச் சோறு. அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவன் முகம் கருகிச் சிறுத்துப்போவதைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை சோற்றைவிடப் பெரிதாக இருந்தது. செத்துப் போகட்டும் எல்லாம். அப்போது மாடிப்படிக்கு அடியிலிருந்து அவள் சாடியை எடுத்துவந்து நடுக்கூடத்தில் வைப்பாள்.

கூட்டிய குப்பையை அள்ளிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்தாள்.

அன்று சாயங்காலம் தோவான் கீரையைப் பிசைந்துகொண்டே, "பெட்டி முள்ளைப் பாத்தியா லுவா? அசையவே இல்லை. அதான் மெஷினோட தரம்" என்றான்.

"ஆமாங்க," என்றாள் லுவா. அவ்வளவு மரியாதையாக அவள் அவனிடம் பேசி வருஷங்கள் ஆகியிருந்தன. அவன் நிமிர்ந்து ஒருமாதிரி பார்த்தான். பிறகு குனிந்து சாப்பிட்டான்.

ஆவணி பிறந்து ஒருநாள் காலையில் முட்டையறையிலிருந்து தோவானின் அலறல் கேட்டது. லுவா கையிலிருந்த தேரை வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். தட்டில் ஒரு முட்டை கத்தி கீறியதுபோல் பிளந்திருந்தது. பிளவு வழியாக ஒரு குட்டி மூக்கு எட்டிப் பார்த்தது, உள்ளே போயிற்று, மறுபடி வந்தது. பக்கத்து முட்டையில் இன்னொன்று. விரல் பருமன் இல்லாத ஒரு குஞ்சு முழுதாக வெளியே வந்து, ஈர உடம்போடு மரத்தூளில் தலையை உயர்த்திச் சின்னதாகப் படம் விரித்தது. ஒரு பொத்தான் அளவு படம்.

"மக்களே!" என்று தொடங்கிய தோவான் அதோடு நிறுத்திக்கொண்டான். கைபேசியைத் தாழ்த்திவிட்டான். கண் கலங்கியிருந்தது.

ஒன்றிரண்டு தவிர எல்லாம் பொரிந்தன. கிழவரை நாற்காலியோடு தூக்கிவந்து காட்டினார்கள். அவர் வெகுநேரம் பார்த்தார். "ஹும்" என்றார்.

"ஒண்ணுதான்! ஒரு ஹும்தான்!" என்று தோவான் குதித்தான்.

லுவா கூட்டத்தை விட்டு நழுவி மாடிப்படிக்கு அடியில் போனாள். சில நாட்களாகவே ஒரு வாடை. எலி செத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். சாக்கைத் தூக்கியதும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். முட்டைகள் மஞ்சளாகிக் குழிந்து, மேலே பச்சைப் பூசணம் படர்ந்து கிடந்தன. சாடியைச் சரித்தால் அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் வழிந்தது. குளத்தங்கரை வாழைக்கு அடியில் குழிவெட்டி எல்லாவற்றையும் கொட்டினாள். ஒன்றை மட்டும் ஏனோ பிரித்துப் பார்த்தாள். உள்ளே ஒரு குஞ்சு சுருண்டிருந்தது. செதிள் வந்திருந்தது, கண் வந்திருந்தது. தண்ணீரில் மூழ்கிச் செத்த பிள்ளைபோல் வெளுத்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள்ளிருந்து தோவான் பாடுவது கேட்டது. பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அதற்காகவும் அவனை வெறுத்தாள்.

அதன்பிறகு வந்த மாதங்கள் அவளுக்கு நரகம். தலையாட்டிவிட்டுப் போன அதே மேலத்தெரு ஆண்கள் சிகரெட் பெட்டியோடு வந்து, "தம்பி, அந்த மெஷின் எங்க கிடைக்கும்?" என்று கேட்டார்கள். அலமாரிக்கு அடியிலிருந்த நாய் நடுக்கூடத்தில் கால்மேல் கால்போட்டு டீ ஊற்றிக்கொடுத்தது. "எல்லாம் சூட்டுக் கணக்குதான் அண்ணே." அவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். உலகத்தில் அறிவு எந்தப் பக்கமும் இல்லை என்று லுவா முடிவுக்கு வந்தாள். கழன்ற ஒயரால் பிழைத்த முட்டைகள்! தான் மட்டும் அன்று வாயைத் திறந்திருந்தால் இவன் ஒயரை மாட்டியிருப்பான், எல்லாம் வெந்து போயிருக்கும். தன் கெட்ட எண்ணம்தான் இவனை ராஜாவாக்கியது என்று நினைக்கும்போது யாரிடமும் சொல்லமுடியாத ஒரு சிரிப்பு வரும்.

ஆனால் ஒன்று அவளை விடவில்லை. அந்த வெளுத்த குஞ்சு. தண்ணீரில் என்ன தப்பு?

அடுத்த முட்டைக்காலத்துக்கு முன் தெரிந்துகொண்டே ஆகவேண்டும். மேலத்தெருவில் கேட்டால் 'கியெம் மகள் பிச்சைக்கு வந்தாள்' என்று மறுநாளே ஊர் பேசும். பேசினாலும் மேலத்தெரு காதில் விழாத ஆள் யார்? சாரை வளர்க்கிற ஹென்.

ஹென்னுக்கு லுவாவைவிட ஐந்தாறு வயது கூட. சின்னவளாக இருந்தபோது கியெம் வீட்டில் கூண்டு கழுவிக் கூலி வாங்கியவள். இப்போது கீழத்தெருவில் இரண்டு மாடி வீடு, மூன்று வண்டி. இருந்தும் மேலத்தெருக்காரர்கள் அவளைக் கடந்து போகும்போது வானத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஹென் முற்றத்தில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, சாரைகளுக்குப் போடச் செத்த கோழிக்குஞ்சுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"அடடே, சின்னம்மாவா? வழி தவறிட்டீங்களா? மேலத்தெரு அந்தப் பக்கம்."

"ஒரு விஷயம் கேக்கணும்."

"யார்கிட்ட கேக்கறீங்க? எனக்குப் பேர் இல்லையா, மொறை இல்லையா?"

லுவா பல்லைக் கடித்தாள். "ஹென் அக்கா."

"ம். இப்ப கேளுங்க."

லுவா சாடியைப் பற்றிச் சொன்னாள். தினமும் ஊற்றிய செம்புத் தண்ணீரைப் பற்றிச் சொன்னதும் ஹென் வாய்விட்டுச் சிரித்தாள். கையிலிருந்த குஞ்சு கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தாள்.

"மணல்லயா ஊத்தினீங்க? உங்கப்பா தண்ணி கொண்டுபோனது தரையில தெளிக்க! மூடியிருக்கிற சாக்கு காஞ்சா அதுல ரெண்டு கை தெளிப்பார். மணலைக் கையில பிடிச்சா உருண்டை நிக்கணும், சொட்டு வரக்கூடாது. முட்டைய ஊறுகாயா போட்டீங்க?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த அறைக்குள்ள பொம்பளைங்களை விடமாட்டாரே."

"பெத்த பொண்ணுங்களைத்தான் விடமாட்டாரு. நான் கூலிக்காரிதானே. நான் கூட்டுறப்ப என்னையும் நாற்காலி மேஜை மாதிரி நெனச்சு எல்லாத்தையும் தனக்குத்தானே பேசிக்குவாரு. புரட்டாதே, தலைகீழாகாதே, அறைச் சூடு போதும்னு. அதை வெச்சுத்தான் நான் இந்த வீடு கட்டினேன்." ஹென் வாளியைக் காலால் நகர்த்தினாள். "இதைத்தான் போன வருஷம் உங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொன்னேன்."

லுவாவுக்கு முதலில் புரியவில்லை. "யாருகிட்ட?"

"நாகராஜாகிட்ட. பெட்டியில முட்டை வெச்ச மூணாவது நாளோ நாலாவது நாளோ வந்து நின்னாரு. பின்வாசல் வழியா. 'அக்கா, தப்பு பண்றேன்னு தோணுது, வீட்டுல கேக்கப் பயமா இருக்கு, சிரிப்பா'ன்னாரு. பல்பையும் மோட்டாரையும் பிடுங்கி எறியுங்கன்னேன். விசிறி மட்டும் ஓடட்டும்னேன். ஒயரைக் கழட்டி டேப் சுத்தி விட்டுட்டேன்னு மறுநாள் வந்து சொன்னாரு. ஏன், உங்ககிட்ட சொல்லலையா?"

லுவா போவதற்குத் திரும்பினாள்.

"நல்ல குடும்பம்," என்றாள் ஹென். "அவரு பொரிச்சுட்டு ஊரெல்லாம் மெஷின் மெஷின்னு பேசறாரு, என் பேரை ஒரு வாய் சொல்லலை. நீங்க அழுகவெச்சுட்டு வந்து நிக்கறீங்க. ரெண்டு பேருக்கும் நான் பின்வாசல். போங்க சின்னம்மா. போறப்ப முன்வாசல் வழியா போங்க, நாலு பேர் பாக்கட்டும்."

லுவா முன்வாசல் வழியாகத்தான் போனாள். தெருவில் யார் பார்த்தார்கள் என்று அவளுக்கு நினைவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேராக முட்டையறைக்குப் போய்ப் பெட்டியின் பின்பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இரண்டு ஒயர் நுனிகளிலும் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. சுருக்கமில்லாமல், இறுக்கமாக, வேலை தெரிந்தவன் சுற்றியது.

கூடத்தில் தோவான் மேலத்தெருக்காரர் ஒருவருக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தான். "முள்ளு அசையவே கூடாது அண்ணே, அதான் சூட்சுமம்..."

"ஹென் அக்கா உங்களைக் கேட்டாங்க," என்றாள் லுவா.

டீ கோப்பைக்கு வெளியே வழிந்தது. வந்தவர் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டணும் என்று எழுந்துபோனார். அவருக்கு மாடே கிடையாது.

"ஏன் சொல்லலை?" என்றாள்.

"சொன்னா சிரிச்சிருப்ப."

"சிரிச்சிருப்பேன்தான். மெஷினைக் கழட்டிப் போட்டுட்டு மெஷின் புராணம் பாடறியே, வெக்கமா இல்லை?"

"இருக்கு," என்றான் தோவான். மேஜையில் வழிந்த டீயை உள்ளங்கையால் துடைத்தான். "சாரைக்காரிகிட்ட கேட்டு நாகம் பொரிச்சேன்னு சொன்னா உங்கப்பா அந்தக் கட்டில்லயே செத்திருப்பாரு. நீ என்னை வெளியில தள்ளியிருப்ப. அதான் எல்லாத்தையும் பெட்டி மேல போட்டேன். பெட்டியை யாரும் ஏளனம் பண்ண முடியாதுல்ல?"

லுவா மேஜைமேலிருந்த கோப்பைகளை எடுத்து அடுக்கினாள்.

"ஒயர் கழண்டிருந்ததை நீயும் பாத்தேல்ல," என்றான் அவன், மெல்ல. "அன்னிக்குச் சாயங்காலம் 'ஆமாங்க'ன்னியே. அப்பவே தெரியும். கூட்டுமாறு பெட்டிக்குப் பின்னாடி கிடந்துச்சு. இப்பச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு பாத்துட்டே இருந்தேன்."

சண்டை போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் சண்டை போடவில்லை. கைபேசியை எடுத்துக்கொண்டு கூண்டுப் பக்கம் போய்விட்டான். உள்ளறையிலிருந்து கிழவர் மூக்கால் சத்தம் கொடுத்தார், யாரும் உள்ளே நுழையாமலே.

அந்த வைகாசியில் முட்டைகள் அத்தனையும் மணல் தாழிக்குப் போயின. லுவா மணலைப் பிடித்துப் பார்ப்பாள். தோவான் சாக்கில் தண்ணீர் தெளிப்பான். வேலை நேரத்தில் தேவையானதைத் தவிர இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வாத்துப் பெட்டியை அவன் கூடத்துக்கு நகர்த்தி, வருகிறவர்களுக்குக் காட்டி இன்னும் கதை அளந்தான். ஹென் பெயரை அப்போதும் சொல்லவில்லை. அதற்காக லுவா அவனை இன்றைக்கும் மதிப்பதில்லை.

குஞ்சுகள் பொரிந்த அன்று மட்டும், அவள் ஒரு கூடை கொய்யாப்பழத்தை எடுத்துக்கொண்டு கீழத்தெருவுக்குப் போனாள். பட்டப்பகலில், முன்வாசல் வழியாக. ஹென் கூடையைப் பார்த்தாள், பழத்தைப் பார்த்தாள், ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தாள்.

"காயா இருக்கு," என்றாள்.

"ரெண்டு நாள் வெச்சிருந்தா பழுத்துரும் அக்கா."

"எனக்குத் தெரியாதா?" என்று கூடையை உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். உட்காரச் சொல்லவில்லை.